ரெண்டாவது கேள்வி

சாயந்தர ஷிஃப்ட்ல டெஸ்க் போன் அடிச்சா நான் அவ்வளவா கண்டுக்க மாட்டேன். பெரும்பாலும் எங்கயோ விபத்துன்னு தகவல் வரும், இல்லன்னா விளம்பர செக்‌ஷனுக்குப் போக வேண்டிய கால் தப்பா எங்ககிட்ட வந்திருக்கும். அன்னைக்கு பேசினது ஒரு வயசான அம்மா. அரசு வீடு கட்டற திட்டத்துல அவங்களுக்கு முதல் தவணை வந்திருக்கு, அதை நம்பி பழைய வீட்டை இடிச்சுட்டு சுவரை லிண்டல் மட்டம் வரைக்கும் எழுப்பிட்டாங்க, ரெண்டாவது தவணை வரல. அன்னைக்கு காலையில எங்க பேப்பர்ல ஒரு தலைவர் சொன்னதா "தகுதியுள்ள அனைவருக்கும் தவணைத் தொகை வழங்கப்பட்டுவிட்டது"ன்னு செய்தி வந்திருந்தது. "எனக்கு வரலையே தம்பி, அவர் அப்படி சொன்னப்போ நீங்க கேக்கலையா?"ன்னாங்க. அவர் எங்களை சந்திக்கலம்மா, தன்னோட பக்கத்துல பதிவா போட்டிருந்தார், அதைத்தான் செய்தியா எடுத்தோம்னு சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் ரொம்ப நிதானமா, கோவமே இல்லாம கேட்டாங்க: "அப்போ நீங்க எதுக்குப்பா இருக்கீங்க?"

அந்த செய்தியை எழுதினது நான்தான். எழுதினேன்னு சொல்றதை விட மாத்தி வச்சேன்னு சொல்றதுதான் சரி. "இதுகுறித்து அவர் தனது எக்ஸ் பக்கத்தில் வெளியிட்டுள்ள பதிவில் கூறியிருப்பதாவது" அப்படிங்கற வரி எங்க டெஸ்க்ல எல்லார் விரலுக்கும் பழகிப்போன வரி. அதை அடிச்சு, கீழ பதிவை ஒட்டி, ஹேஷ்டேகையும் கும்பிடற எமோஜியையும் எடுத்துட்டு, பேச்சுத் தமிழா இருந்தா கொஞ்சம் எழுத்துத் தமிழாக்கி, தலைப்பு வச்சு அனுப்பினா வேலை முடிஞ்சது, அஞ்சு நிமிஷம் கூட ஆகாது. ஒரு ஷிஃப்டுக்கு இந்த மாதிரி எட்டு பத்து செய்தி போகும். அந்தம்மா போனை வச்சதுக்கு அப்புறம் அன்னைக்கு நான் அனுப்பின எல்லாத்தையும் திரும்ப எடுத்துப் பாத்தேன். ஒண்ணுல கூட யாரும் யார்கிட்டயும் எதையும் கேட்டதா ஒரு வரி இல்ல.

இதுல நான் முன்னாடி எந்தப் பக்கம் நின்னேன்னும் சொல்லிடணும். தலைவர்கள் நேரா மக்கள்கிட்ட பேசறது நல்லதுன்னு உறுதியா நம்பினவன் நான், நண்பர்கள்கிட்ட மணிக்கணக்கா இதுக்காக வாதாடியிருக்கேன். அதுக்கு ஒரு காரணமும் இருந்தது. வேலைக்கு சேர்ந்த புதுசுல ஒரு அரங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தேன், ஒருத்தர் நாப்பது நிமிஷம் கல்வி பத்தி பேசினார், நல்லாவே பேசினார், நடுவுல எதிர்த் தரப்பு என்ன சொல்லுதுன்னு விளக்கறதுக்காக ஒரு வாக்கியம் சொன்னார். மறுநாள் ஒரு பெரிய ஊடகத்துல அந்த ஒரே வாக்கியம், அவரோட சொந்தக் கருத்து மாதிரி, தலைப்பா வந்துச்சு. மூணு நாள் அதை வச்சே விவாதம் ஓடுச்சு. அவர் மறுப்பு கொடுத்தார், அது ஒரு மூலையில ரெண்டு வரியா வந்துச்சு. அப்போ எனக்கு தோணினது, இந்த மனுஷன் பேச்சை முழுசா தானே போட ஒரு இடம் இருந்தா இது நடந்திருக்குமாங்கறதுதான். ஊடகங்களுக்கு முதலாளி இருக்கார், விளம்பரம் கொடுக்கறவங்க இருக்காங்க, சாய்வு இருக்கு, சோம்பேறித்தனம் இருக்கு. உள்ள இருந்துகிட்டே சொல்றேன், இதெல்லாம் உண்மைதான். அதனால "ஊடகம் திரிக்குது, நான் நேரா பேசறேன்"னு ஒரு தலைவர் சொன்னா அதை வெறும் சாக்குன்னு ஒதுக்கிட என்னால இன்னைக்கும் முடியாது.

சில நேரத்துல அந்த நேர்வழி உயிரைக் காப்பாத்தற அளவுக்கு முக்கியமாவும் இருக்கு. 2022 பிப்ரவரி 25 ராத்திரி, ரஷ்யா படையெடுத்த ரெண்டாவது நாள், உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கி ஓடிட்டார்னு வதந்தி பரவிட்டிருந்தப்போ, அவர் கீவ் நகரத்துல அதிபர் மாளிகை வெளிய தெருவுல நின்னு போன்ல எடுத்த ஒரு சின்ன வீடியோ, பிரதமர் உட்பட கூட இருந்தவங்களை ஒவ்வொருத்தரா காட்டி நாங்க எல்லாரும் இங்கதான் இருக்கோம்னு சொன்னது, அந்த நேரத்துல எந்த டிவி பேட்டியும் செய்ய முடியாத வேலையை செஞ்சுது. ரஷ்யாவுலயே 2024ல சிறையில செத்துப்போன எதிர்க்கட்சித் தலைவர் நவால்னியை எடுத்துக்கோங்க, அரசு டிவி அவருக்கு மைக் நீட்டப் போறதா இல்ல, யூடியூப் இல்லன்னா அவர் குரல் எங்க போயிருக்கும்? 2021 ஜனவரியில அவர் குழு போட்ட ஊழல் புலனாய்வு வீடியோ 10 கோடி பார்வையைத் தாண்டிச்சு. கதவை அடைச்சு வச்சா ஜன்னல் வழியாதான் பேச முடியும், அதை யாரும் குத்தம் சொல்ல முடியாது.

ஆனா அந்தம்மா கேட்ட கேள்விக்கு இதுல எதுவும் பதில் இல்ல. அவங்க பேசினது அடக்கப்பட்ட ஒரு எதிர்க்கட்சிக்காரரைப் பத்தி இல்லையே. அதிகாரத்துல இருக்கறவர், கையில கோப்பும் அதிகாரியும் பணமும் இருக்கறவர், எல்லாம் கொடுத்தாச்சுன்னு சொன்னதைப் பத்தி. ஜன்னல் வழியா பேசற நிலைமையில அவர் இல்ல, கதவே அவர்கிட்டதான் இருக்கு.

சொந்தப் பேப்பர் வச்சிருந்தவங்க

அப்புறம் சில நாள் இதே யோசனையாதான் இருந்தேன். தலைவர்கள் பத்திரிகையைத் தாண்டிப் பேசறது புதுசான்னு பாத்தா இல்லவே இல்ல. நமக்குத்தான் இது நல்லாத் தெரியுமே. அண்ணா 'தம்பிக்கு'ன்னு எழுதினதும், கலைஞர் முரசொலியில 'உடன்பிறப்பே'ன்னு வருஷக்கணக்கா எழுதினதும் என்ன? எந்த நிருபரும் குறுக்க இல்லாம, எந்த சப் எடிட்டரும் கை வைக்காம, தலைவர் தொண்டனுக்கு நேரா எழுதினதுதான். கட்சிக்கு ஒரு பேப்பர், அப்புறம் கட்சிக்கு ஒரு டிவின்னு வந்த பாதையில அடுத்து வந்ததுதான் ஃபேஸ்புக்கும் எக்ஸும் வாட்ஸ்அப் சேனலும்.

ஆனா இங்க ஒரு விஷயம் எனக்கு பளிச்சுனு பட்டுச்சு. சொந்தப் பேப்பர்ல தினமும் எழுதின அதே கலைஞர் பிரஸ்மீட்டும் வச்சார். நிருபர்கள் குடைஞ்சு கேட்பாங்க, அவர் திருப்பி ஒரு போடு போடுவார், சில நேரம் கோவப்படுவார், அதெல்லாம் மறுநாள் பேப்பர்ல வரும். கடிதம் கடிதமா இருந்துச்சு, கேள்வி கேள்வியா இருந்துச்சு. அமெரிக்க அதிபரா இருந்த ரூஸ்வெல்ட் கதையும் இதேதான். 1933 மார்ச் 12, பேங்க் எல்லாம் மூடிக்கிடந்த நேரம், அவர் ரேடியோவுல வந்து மக்கள்கிட்ட வீட்டு ஆள் மாதிரி பேங்க் எப்படி வேலை செய்யுதுன்னு விளக்கினார். ரேடியோவை வச்சு பத்திரிகைகளைத் தாண்டினதுக்கு எல்லாரும் சொல்ற முதல் உதாரணம் அதுதான். அதுக்கு நாலு நாள் முன்னாடியே, மார்ச் 8ஆம் தேதி, அவர் தன் அறையிலேயே நிருபர்களைக் கூப்பிட்டு முதல் பிரஸ்மீட் வச்சுட்டார்ங்கறதை யாரும் சேர்த்து சொல்றதில்ல. 12 வருஷப் பதவியில அந்த மாதிரி ரேடியோ பேச்சு 30 சொச்சம், பிரஸ்மீட் ஏறக்குறைய ஆயிரம். வாரத்துக்கு ரெண்டுன்னு கணக்கு.

இப்போ நம்ம காலத்துக்கு வாங்க. 2014 ஜனவரி 3ஆம் தேதி மன்மோகன் சிங் பிரதமரா கடைசியா ஒரு பிரஸ்மீட் வச்சார், ஒரு மணி நேரத்துக்கு மேல, வரிசையா கேள்வி, பாதிக்கு மேல அவருக்கு வலிக்கற கேள்வி. இன்றைய ஊடகங்களை விட வரலாறு தன்கிட்ட கனிவா நடந்துக்கும்னு அவர் சொன்னது அங்க வந்த ஒரு கேள்விக்கு பதிலாத்தான். அதே வருஷம் அக்டோபர் 3ஆம் தேதி மோடியோட மன் கி பாத் ஆரம்பிச்சுது. மாசத்துக்கு ஒரு தடவை, ரேடியோவுலயும் எல்லா தளத்துலயும். அவர் தனிப் பேட்டி கொடுத்திருக்கார், 2023 ஜூன்ல வாஷிங்டன்ல பைடன் பக்கத்துல நின்னு கேள்விக்கு பதிலும் சொல்லியிருக்கார். ஆனா 2019 மே 17ஆம் தேதி டெல்லி கட்சி ஆபீஸ்ல நடந்த பிரஸ்மீட்ல அவர் உக்காந்திருந்தும் கேள்விக்கெல்லாம் அமித் ஷாதான் பதில் சொன்னார். இந்தக் கட்சி அந்தக் கட்சின்னு நான் பிரிச்சுப் பேசல, ஏன்னா உலகம் பூரா இதே திசையிலதான் போய்ட்டிருக்கு. 2019 ஜூன்ல மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடார்ல புகேலே அதிபரா பதவிக்கு வந்த உடனே அதிகாரிகளை ட்விட்டர்லயே வேலையை விட்டு நீக்க உத்தரவு போட்டார். 2018 மார்ச் 13ஆம் தேதி டிரம்ப் தன்னோட வெளியுறவு அமைச்சர் டில்லர்சனை மாத்தினதை ட்விட்டர்ல அறிவிச்சார். அதுக்கு முந்தின வருஷமே வெள்ளை மாளிகையோட செய்தித் தொடர்பாளர், அந்த ட்வீட்டெல்லாம் அதிபரோட அதிகாரபூர்வ அறிக்கைதான்னு சொல்லிட்டார். முன்னாடி பிரஸ்மீட்டோட கூட சொந்தப் பேப்பர் இருந்துச்சு, இப்போ பிரஸ்மீட்டுக்கு பதிலா சொந்தப் பக்கம் இருக்கு. எனக்கு உறுத்தறது இந்த "பதிலா"ங்கற இடம்தான்.

வெட்டி எடுத்த மௌனம்

எங்க ஆபீஸ்ல ஒரு மூத்த நிருபர் இருக்கார், நாங்க எல்லாரும் அண்ணேன்னுதான் கூப்பிடுவோம். அந்த போன் கால் பத்தி அவர்கிட்ட சொன்னப்போ அவர் ஒண்ணும் சொல்லாம, தன் பழைய போன்ல இருந்து ஒரு ஆடியோவை எடுத்துப் போட்டார். பல வருஷத்துக்கு முந்தின ஒரு பிரஸ்மீட். ஒரு அமைச்சர், வேற ஏதோ திட்டம், "எல்லாருக்கும் கொடுத்தாச்சு"ங்கறார். கிட்டத்தட்ட அதே வாக்கியம். உடனே அண்ணனோட குரல்: "எல்லாருக்கும்னா எத்தனை பேர் சார்?" அமைச்சர் ஒரு எண்ணிக்கை சொல்றார். "விண்ணப்பிச்சவங்க எத்தனை பேர் சார்?" அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஒரு மௌனம். பேப்பர் புரட்டற சத்தம் கேக்குது. யாரோ நாற்காலியை இழுக்கறாங்க. பின்னாடி யாரோ மெதுவா, அநேகமா பக்கத்துல இருந்த அதிகாரியா இருக்கும், "அந்த லிஸ்ட் மாவட்டத்துல இருந்து இன்னும் வரல"ங்கறார். அமைச்சர், "அதை அப்புறமா சொல்றேன்"னு அடுத்த விஷயத்துக்குப் போறார்.

மறுநாள் செய்தி அந்த மௌனத்துல இருந்துதான் வந்துச்சுன்னார் அண்ணன். விண்ணப்பிச்சவங்க பட்டியலே கையில இல்லாமதான் எல்லாருக்கும் கொடுத்தாச்சுன்னு சொல்லியிருக்காங்க. முதல் கேள்விக்கு யாரும் தயாரா வந்துடுவாங்க, ரெண்டாவது கேள்வியிலதான் விஷயம் இருக்குங்கறது அவர் வாதம்.

அன்னைக்கு ராத்திரி நான் அந்தத் தலைவரோட வீடியோவைத் திரும்பப் பாத்தேன், பதிவோட சேர்த்துப் போட்டிருந்தார், நான் முதல்ல முழுசா பாக்கவே இல்ல. நல்ல வெளிச்சம், பின்னாடி புத்தக அலமாரி, மெல்லிசா இசை, கீழ சப்டைட்டில். சொன்ன விதம் ரொம்ப உருக்கமா, நேரா கண்ணைப் பாத்துப் பேசற மாதிரி இருந்துச்சு. இந்தத் தடவை நான் வெட்டுகளை எண்ணினேன். நாலு நிமிஷ வீடியோவுல முப்பத்தோரு வெட்டு. ஒவ்வொரு வாக்கியமும் முடியற இடத்துல மூச்சு விடறதுக்குள்ள அடுத்த வாக்கியம். எடிட் பண்றவங்களுக்கு இது சாதாரணம், பாக்கறவங்க நகர்ந்து போயிடக் கூடாதுன்னு இடைவெளியை எல்லாம் எடுத்துடுவாங்க, எங்க வீடியோ டீமும் அப்படித்தான் செய்யறாங்க. ஆனா எனக்கு அண்ணனோட ஆடியோவுல கேட்ட அந்தப் பேப்பர் புரட்டற சத்தம் காதுலயே நின்னுச்சு. இந்த வீடியோவுல அந்த மௌனத்துக்கு இடமே கிடையாது. அது நடக்கவே நடக்காது, நடந்தாலும் டைம்லைன்ல இருந்து வெட்டிடலாம். இத்தனை வருஷமா நான் ஆதரிச்ச "நேரடிப் பேச்சு" எதை வெளிய தள்ளி கதவைச் சாத்தியிருக்குன்னு எனக்கு அப்போதான் உறைச்சுது.

சட்டமன்றச் செய்தி எழுதறவங்களுக்கு 'துணைக் கேள்வி'ங்கற வார்த்தை பழக்கம். ஒரு உறுப்பினர் கேட்ட கேள்விக்கு அமைச்சர் எழுதி வச்ச பதிலைப் படிப்பார், அது ஆரம்பம்தான், அதுக்கப்புறம் எழுந்து கேக்கற துணைக் கேள்வியிலதான் அமைச்சருக்கு விஷயம் தெரியுமா தெரியாதான்னு வெளிச்சமாகும். நாடாளுமன்றத்துல நட்சத்திரக் குறி போட்ட கேள்விக்கு வாய்மொழியா பதில் சொல்லணும், துணைக் கேள்வி கேக்கலாம். குறி போடாததுக்கு எழுத்துல பதில் வரும், அதோட சரி. 2020 செப்டம்பர்ல கொரோனா நேரத்து மழைக்காலக் கூட்டத்தொடர்ல கேள்வி நேரத்தையே எடுத்துட்டு குறி போடாத கேள்விக்கு மட்டும் எழுத்துல பதில் கொடுத்தாங்க. அதுக்கு ஏன் அவ்வளவு எதிர்ப்பு வந்துச்சுன்னு அப்போ எனக்கு சரியாப் புரியல, பதில்தான் வருதே என்ன பெரிய வித்தியாசம்னு நினைச்சேன். இப்போ புரியுது. ஒரு தலைவரோட பதிவு அந்த எழுத்துபூர்வ பதிலை விடவும் கீழ, ஏன்னா இங்க கேள்வியையும் அவரே எழுதிக்கறார்.

கமெண்ட்ல கேக்கலாமே

இதை ஒரு நண்பர்கிட்ட சொன்னப்போ, மக்களே கமெண்ட்ல நேரா கேக்கலாமே, நடுவுல நிருபர் எதுக்குன்னார். நியாயமான கேள்விதான், அதனால அந்தப் பதிவோட கமெண்டை உக்காந்து படிச்சேன், சில நூறு இருக்கும், கண்ணு எரியற வரைக்கும். வாழ்க கோஷம், கெட்ட வார்த்தை, வேற கட்சியைத் திட்டறது, ஒரே வாசகத்தை அப்படியே காப்பி பண்ணிப் போட்ட வரிசை. நடுநடுவுல அந்தம்மா மாதிரியே ஆளுங்க. "ஐயா எனக்கு இரண்டாம் தவணை வரவில்லை"ன்னு விண்ணப்ப எண்ணையும் போன் நம்பரையும் பொதுவெளியில போட்டு வச்சிருக்காங்க. ஒருத்தர் அதே கமெண்டை மூணு தடவை போட்டிருந்தார், மூணாவது தடவை கடைசியில "தயவு செய்து"ன்னு சேர்த்திருந்தார். யாருக்கும் பதில் இல்ல. அந்த ஒத்தை வார்த்தையைப் பாத்துட்டு அப்படியே போனை வச்சுட்டேன். கமெண்ட்ல கேட்ட கேள்வியை தாண்டிப் போயிடலாம், மறைச்சு வைக்கலாம், கேட்டவரை பிளாக் பண்ணலாம். அமெரிக்காவுல பிளாக் ஆனவங்க கோர்ட்டுக்கே போனாங்க, அப்போ அதிபரா இருந்த டிரம்ப் விமர்சகர்களை பிளாக் பண்ணினது அரசியல் சட்டத்துக்கு விரோதம்னு 2018லயும் 2019லயும் தீர்ப்பு வந்துச்சு, ஆனா மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்துல நிலுவையில இருக்கும்போதே அவர் பதவி போயிட்டதால 2021ல அந்தத் தீர்ப்பை ரத்து பண்ணிட்டாங்க. மைக்கை நீட்டி, கேமரா ஓடிட்டிருக்கும்போது கேட்ட கேள்வியை பிளாக் பண்ண முடியாது. பதில் சொல்லாம எழுந்து போனாலும் அந்த எழுந்து போறது பதிவாகும்.

இன்னொண்ணு, நடுவுல யாருமே இல்லைங்கறதும் சரியில்ல, ஆள் மாறியிருக்கார், அவ்வளவுதான். 2021 ஜனவரி 8ஆம் தேதி ட்விட்டர் டிரம்ப்பை நீக்கினப்போ 8 கோடியே 80 லட்சம் பேர் பின்தொடர்ந்த கணக்கு ஒரே நாள்ல காணாமப் போச்சு. அதே வருஷம் ஜூன்ல நைஜீரிய அதிபர் புகாரியோட ஒரு ட்வீட்டை ட்விட்டர் நீக்கிச்சு, அந்த நாடு ட்விட்டரையே ஏழு மாசம் நிறுத்தி வச்சுது. பத்திரிகை ஆசிரியர் வெட்டினா அவர் பேர் பேப்பர்ல அச்சாகியிருக்கும், ஆபீஸுக்கு வந்து சண்டை போடலாம். எந்தப் பதிவு யார் கண்ணுல படணும்னு முடிவு பண்ற அல்காரிதத்துக்கு அப்படி ஒரு வாசல் இல்ல.

ஆனா இதையெல்லாம் சொல்லிட்டு எங்க பக்கத்துத் தப்பை விட்டுட முடியாது, எனக்கு அதுதான் அதிகமா வலிக்குது. தலைவர்கள் எங்களைத் தாண்டிப் போனாங்கங்கறது பாதிதான். அவங்க பதிவைப் போட்ட அடுத்த நிமிஷம் நாங்களே அதை எடுத்து செய்தின்னு பேர் வச்சு, எங்க பேப்பரோட நம்பகத்தன்மையையும் மேல பூசி, மக்கள்கிட்ட கொண்டுபோய் சேர்த்தோம். அந்தம்மா அவரோட பக்கத்தைப் பாக்கவே இல்ல, பேப்பர்ல வந்திருக்கு, விசாரிச்சுதான் போட்டிருப்பாங்கன்னு நம்பினாங்க. முதல்ல போடணும்ங்கற அவசரம், ஆள் பத்தாத டெஸ்க், நிருபர் வேலையை விட்டுப் போனா அந்த இடத்தை நிரப்பாத நிர்வாகம், இதெல்லாம் காரணம். ஆனா காரணம் சொல்லி அந்தம்மா முன்னாடி நிக்க முடியல.

அதுக்கப்புறம் நான் ஒண்ணு செய்ய ஆரம்பிச்சேன். பதிவுல இருந்து எடுக்கற செய்தியில, எண்ணிக்கையோ உறுதிமொழியோ இருந்தா, உடனே அவங்க ஆபீஸுக்கு ஒரு கேள்வி அனுப்பிடுவேன். பதில் வரலன்னா கடைசி பாராவுல, எத்தனை விண்ணப்பம் நிலுவையில இருக்குன்னு நம் நாளிதழ் கேட்டதுக்கு பதில் அளிக்கப்படலன்னு ஒரு வரி. முதல் வாரம் அந்த வரி மூணு தடவை இடமில்லன்னு லே-அவுட்ல போயிடுச்சு. அப்புறம் அதைக் கடைசியில வைக்காம ரெண்டாவது பாராவுக்கு ஏத்தினேன். அங்கிருந்து எடுக்கணும்னா என்கிட்ட கேட்டுதான் எடுக்கணும். ஒரு சில ஆபீஸ்ல இருந்து கோவமா போன் வந்துச்சு, ஒரு ஆபீஸ்ல இருந்து உண்மையிலேயே பட்டியலே வந்துச்சு.

அந்தம்மா விஷயத்துக்கு அண்ணனே நேரா ஆபீஸுக்குப் போனார், ரெண்டு தடவை அலைஞ்சார். மூணாவது தடவை ஒரு அதிகாரி கோப்பைப் பாத்துட்டு, அந்தப் பகுதிக்கு நிதி இன்னும் ஒதுக்கல, அடுத்த காலாண்டுல வரும்னார். அதை செய்தியா போட்டோம், உள்பக்கத்துல, நாலு பத்தி. டெஸ்க் போன்ல பழைய நம்பரைத் தேடி எடுத்து நானே அவங்களுக்குக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். பொறுமையா கேட்டுக்கிட்டாங்க.

"அடுத்த காலாண்டுன்னா எந்த மாசம் தம்பி? ஆரம்பத்துலயா கடைசியிலயா? மழைக்கு முன்னாடி மேல தளம் போட்டுடணும்."

எனக்குத் தெரியலம்மா, கேட்டு சொல்றேன்னேன். போனை வச்சுட்டு அண்ணன் சீட்டுக்குப் போனேன், அவர் பையை மாட்டிக்கிட்டு கிளம்பற நேரம். சொன்னேன். பையை இறக்கி வச்சுட்டு அந்த அதிகாரி நம்பரைத் தேட ஆரம்பிச்சார்.